தீவுப்பகுதியில் சுடுதண்ணி ஹீற்றர் பூட்டப்போகும் தம்பிமாருக்கு

நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பழைய வீட்டைத் திருத்தும்போது இப்போது குளியல் தொட்டியும் ஹீற்றரும் கேட்கிறார்கள். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு எங்கும் இதே கதைதான். வயரிங் வேலையிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

1. முதலில் தொட்டி வரும் இடத்தை நிலத்தில் கீறுங்கள். அதன் பிறகுதான் ஹீற்றரின் இடம். தொட்டிக்கு நேர் மேலே வேண்டாம். விளிம்பிலிருந்து பக்கவாட்டில் 60 சென்ரிமீற்றருக்குள்ளும் வேண்டாம். தொட்டிக்கு மேலே, தரையிலிருந்து 2.25 மீற்றர் உயரம் வரை ஆபத்து வலயம் என்பது சர்வதேச விதி. சுவிச் கதவுக்கு வெளியே இருக்கட்டும். நனைந்த உடம்பில் மின்சாரம் இலகுவாகப் பாயும்.

2. எர்த்தில்தான் எங்கள் தீவுகளின் வில்லங்கம் இருக்கிறது. பல இடங்களில் சில அடியிலேயே சுண்ணாம்புக்கல் முட்டும். கம்பியைப் பாதி இறக்கிவிட்டு மிச்சத்தை வெட்டி எறிகிறவனை நம்பாதீர்கள். ஒரு கம்பி இறங்காவிட்டால் இடைவெளி விட்டு இரண்டு, மூன்று அடித்து ஒன்றாகத் தொடுங்கள். மாரியில் அளந்து திருப்திப்படாதீர்கள். ஆடி, ஆவணியில் மண் காய்ந்து கிடக்கும்போது மீற்றர் காட்டுவதே கணக்கு. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் கட்டாயம். எர்த் நன்றாக இருந்தால் மின் கசிந்தவுடன் அது விழும். எர்த் இல்லாவிட்டால் ஆள் தொட்ட பிறகுதான் விழும். இரும்புத் தொட்டியென்றால் அதையும், உலோகக் குழாய்களையும் எர்த்தோடு இணையுங்கள்.

3. உவர்த் தண்ணி ஹீற்றரின் உள்ளுறுப்பை அரிக்கும். தாங்கிக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பி தாங்கிக்காகத் தான் கரைவது. வருடம் ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள், கரைந்திருந்தால் மாற்றுங்கள்.

4. 50 லீற்றர் தாங்கி என்றால் தண்ணியே 50 கிலோ. நெடுந்தீவுப் பக்கத்து முருகைக்கல் சுவரில் சாதாரண ஆணி, போல்ற் தாங்காது. கொங்கிறீற்றுத் தூண் இருந்தால் அங்கே பூட்டுங்கள்.

5. சூடாகும் தண்ணி விரியும். அழுத்தம் கூடினால் திறக்கும் வால்வை ஒருபோதும் அடைக்கக் கூடாது. எங்கள் தண்ணியில் சுண்ணாம்பு படிந்து அது இறுகிவிடும், இடைக்கிடை தூக்கிப் பாருங்கள். அதன் வடிகுழாய் தொட்டிக்குள் விழக் கூடாது. வெளியே, நிலத்தை நோக்கி விடுங்கள்.

6. காஸ் ஹீற்றரைக் குளியலறைக்குள் வைக்கவே வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை.

7. 60 பாகைத் தண்ணி சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும். பிள்ளைகள் குளிக்கும் தொட்டியென்றால் கலப்பு வால்வு போடாமல் திறந்துவிடாதீர்கள்.

8. நல்ல தண்ணிக் கிணறு அரிதான ஊரில், ஒரு முறை நிரப்ப 150 லீற்றருக்கு மேல் குடிக்கும் தொட்டி தேவையா என்று ஒருதரம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

9. வேலை முடிந்ததும் ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை வீட்டுக்காரரைக் கொண்டே அழுத்துவியுங்கள். விழாவிட்டால், அவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் ஹீற்றருக்கு மின் கொடுக்காதீர்கள்.