பின்னை அசைத்தால் பாடும் கேபிள்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

ஹெட்போன் வயரை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால் இரண்டு காதிலும் பாட்டு கேட்கும். கையை எடுத்தால் ஒரு காது போய்விடும். மேடையில் பேசுகிறவர் மைக்கைக் கொஞ்சம் திருப்பினால் ‘கரகர’. ஹோம் தியேட்டரில் வசனம் வராது, ‘உம்ம்ம்’ என்ற இரைச்சல் மட்டும் வரும். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு 50 ரூபாய் பின்னில்.

கடையில் போய் நின்றால் தங்க முலாம், ஆக்ஸிஜன் இல்லாத செம்பு, ‘ஸ்டூடியோ குவாலிட்டி’ என்றுதான் பேச்சு தொடங்கும். அதெல்லாம் அப்புறம். முதலில் பார்க்க வேண்டியவை மூன்று. செருகிய பின் பூட்டிக்கொள்கிறதா? வயர் உள்ளே நுழையும் கழுத்தில் இழுவையைத் தாங்கப் பிடிமானம் இருக்கிறதா? பழுதானால் கழற்றி மறுபடி ஈயம் வைக்க முடியுமா? கேபிள் நடுவில் அறுவது அபூர்வம். கழுத்தில்தான் போகும்.

மைக்குக்கு: கேனானா, பி-38ஆ?

சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கேனான் என்று சொல்வது எக்ஸ்எல்ஆர் எனப்படும் மூன்று முனை இணைப்பி. பி-38 என்பது கிட்டார், கீபோர்டில் செருகும் கால் அங்குல ஜாக், 6.35 மில்லிமீட்டர். பின்னது 19-ஆம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பிறந்தது. ஆபரேட்டர்கள் நாள் முழுக்கச் செருகி உருவ வேண்டியிருந்ததால், எளிதில் கழன்று வருவதே அதன் சிறப்பு. மேடையில் நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

கேனானில் ‘க்ளிக்’ என்று விழும் பூட்டு உண்டு. யாராவது வயரில் கால் தடுக்கினாலும் பின் உருவி வராது. அதைவிட முக்கியம், உள்ளே நடக்கும் கணக்கு. ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில், ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் அனுப்பி, மிக்ஸரில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். வழியில் சீரியல் லைட், ஜெனரேட்டர் லைன் என்று எதன் இரைச்சல் ஒட்டினாலும் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஒட்டுவதால், வித்தியாசம் எடுக்கும்போது அது அடிபட்டுப் போகிறது. இதுதான் பேலன்ஸ்டு இணைப்பு. 30 மீட்டர் இழுத்தாலும் கவலையில்லை. மோனோ பி-38-இல் இந்த வசதி கிடையாது. ஒட்டிய இரைச்சலும் குரலோடு சேர்ந்து பெருகும்.

ஆகவே மைக்குக்குக் கேனான்தான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சங்கதி. விலை குறைந்த மைக்குகளோடு வரும் கேபிளில் மைக் பக்கம் கேனானும் மறு முனையில் மோனோ பி-38-உம் இருக்கும். மைக்கில் இருக்கும் நல்ல வசதியை அந்த ஒற்றை வயர் பாழாக்கிவிடும். மிக்ஸரில் கேனான் சாக்கெட் இருந்தால், இரு முனையும் கேனான் உள்ள கேபிளைத் தனியாக வாங்கிவிடுங்கள். மைக்கையே மாற்றுவதைவிட இது பலன் தரும்.

கீபோர்டில் வேறு வழியில்லை. பி-38 சாக்கெட்தான் தந்திருப்பார்கள். மூன்று நான்கு மீட்டருக்குள் முடிகிறதென்றால் போதும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் வைத்துக் கேனானாக மாற்றிக்கொள்வது நல்லது. பி-38 வாங்கும்போது முனையிலுள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். ஒன்று என்றால் மோனோ. இரண்டு என்றால் ஸ்டீரியோவுக்கும் பேலன்ஸ்டுக்கும் ஆகும். தூரத்தில் பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பதால் பெட்டிக்குள் கலந்து கிடக்கும்.

கேனானிலும் தரம் பார்க்க வேண்டும். பெயர் பெற்ற பிராண்டுகளின் போலிகள் சந்தையில் நிறைய. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடத்தில் வாங்கினால் கடைக்காரரிடம் கேட்டு, பின்பக்க மூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். வயரின் வெளித்தோலைச் சுற்றிலும் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் பற்கள் உள்ளே இருந்தால் நல்லது. அப்படி எதுவும் இல்லாமல், மூன்று ஈயப் புள்ளிகள் மட்டுமே வயரைத் தாங்கிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு இழுவையும் அந்தப் புள்ளிகளில்தான் விழும். ஈயம் முனையிலுள்ள கிண்ணத்துக்குள் படிந்து ஓடியிருக்க வேண்டும். மணியாக உருண்டு நின்றால் அது டிரை சால்டர், கைக்கு வந்த சில நாளிலேயே கரகரக்கும்.

ஸ்பீக்கருக்கு

ஆம்ப்ளிஃபயரிலிருந்து பெரிய ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் பி-38 வேண்டவே வேண்டாம். பாதி உருவிய நிலையில் அது ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை ஷார்ட் செய்துவிட வாய்ப்புண்டு. இந்தத் தொல்லைக்கு 1987-இல் நியூட்ரிக் நிறுவனம் கொண்டுவந்த பதில்தான் ஸ்பீக்கான். செருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும். மின்சாரம் பாயும் பகுதி கையில் படாது. மைக் வயரைத் தவறுதலாக அதில் செருகவும் முடியாது. வீட்டு ஸ்பீக்கருக்கு இவ்வளவு தேவையில்லை. 4 மில்லிமீட்டர் பனானா பிளக் போதும். வெறும் வயரை முறுக்கிச் செருகுவதாக இருந்தால், ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்: ஆர்சிஏ, ஆப்டிகல், எச்டிஎம்ஐ

சிவப்பு, வெள்ளை நிற ஆர்சிஏ பின்கள் 1930-களில் வந்தவை. அவற்றின் பிறவிக் குறை, ஒலி போகும் நடு முனை முதலில் தொட்டு, எர்த் வளையம் பிறகு தொடுவது. ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது செருகினால் ‘டொம்’ என்று இடிப்பது இதனால்தான். வால்யூமைக் குறைத்துவிட்டுச் செருகுங்கள். ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்கு ஆர்சிஏ தாராளமாகப் போதும்; ஆயிரக்கணக்கில் செலவழிக்க ஒரு காரணமும் இல்லை. இரும்புப் பிடியாக இறுகும் விலை உயர்ந்த பின்களைக் கழற்றும்போது சாக்கெட்டே பெயர்ந்து வந்துவிடலாம். லேசாகத் திருப்பியபடி, பின்னின் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து அல்ல.

‘உம்ம்ம்’ இரைச்சலுக்குப் பல நேரம் பின் காரணமாக இருக்காது. டிவி ஒரு வழியாகவும் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு வழியாகவும் எர்த் ஆகி, இடையில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுற்றுகிறது. இதற்காகப் பவர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் வல்லுநர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. கேட்காதீர்கள், அது உயிரோடு விளையாட்டு. டிவியில் ஆப்டிகல் வெளியீடு இருந்தால் அதற்கு மாறுங்கள். 1983-இல் தோஷிபா அறிமுகப்படுத்திய அந்த வயரில் ஒளிதான் போகிறது, மின்சாரம் அல்ல. எர்த் சுற்று அறுந்துவிடும். கூர்மையாக மடித்தால் மட்டும் வீணாகும். முனையிலுள்ள சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமல் செருகிவிட்டு, செட் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

எச்டிஎம்ஐ 19 முனைகளை வைத்துக்கொண்டு ஒரு பூட்டுக்கூட இல்லாத விசித்திரம். கனமான கேபிள் சுவர் டிவியில் தொங்கினால் சாக்கெட் தளர்ந்துவிடும். மெல்லிய கேபிள் வாங்கி, பாரம் சுவரில் விழும்படி கிளிப் அடியுங்கள். டிஜிட்டல் என்பதால் விலை கூடினால் படம் கூடுதலாக மின்னாது. 8கே, உயர் வேக கேம் என்றால் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ சான்று ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து பார்த்து வாங்குங்கள்.

கைபேசிக்கு: ஈபி பின்னா, டைப்-சியா?

அதிக வசவு வாங்குவது ஈபி எனப்படும் இந்த 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் பின்தான். அது என்ன பழுது என்று அதுவே சொல்லும், கேட்கத் தெரிந்தால். ஒரு காது மட்டும் போனால், அந்தப் பக்கத்து இழை அறுந்திருக்கிறது. பாட்டில் வயலின், எதிரொலி எல்லாம் கேட்டு, பாடகர் குரல் மட்டும் காணாமல் போனால், இரு காதுக்கும் பொதுவான எர்த் அறுந்திருக்கிறது. குரலை இரு பக்கமும் சமமாகப் பதிவு செய்வதால், எர்த் இல்லாதபோது அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகிறது. இரு பக்க வித்தியாசம் மட்டும் மிஞ்சுகிறது. இலவச கரோக்கி! புதிய ஹெட்போனிலேயே குரல் மறைந்து, மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் சரியாக வந்தால், பழுதே இல்லை. மைக்கும் எர்த்தும் இடம் மாறிய பழைய அமைப்பு அது. வேறு மாடல் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பின் முழுதாக உள்ளே போகவில்லையென்றால் சாக்கெட்டில் சட்டைப்பைப் பஞ்சு சேர்ந்திருக்கும். மரப் பல்குச்சியால் எடுங்கள், ஊக்கு வேண்டாம். பையில் வைத்துக் கேட்கிறவர்களுக்கு ‘எல்’ வடிவ முனை கழுத்தைக் காப்பாற்றும்.

டைப்-சி உறுதியில் கெட்டி. 10,000 முறை செருகி எடுக்கத் தாங்கும்படி வரையறுக்கப்பட்டது. பழைய செவ்வக யுஎஸ்பிக்கு அந்தக் கணக்கு 1,500. ஆனால் டைப்-சியிலிருந்து ஈபிக்கு மாற்றும் குட்டி வயர் ஒரு போனில் பாடி, இன்னொன்றில் ஊமையாகும். சில போன்களே ஒலியை உருவாக்கித் தரும். சிலவற்றுக்கு, டிஜிட்டலை ஒலியாக மாற்றும் டிஏசி சிப் வயருக்குள் வேண்டும். டிஏசி உள்ளதையே கேட்டு வாங்குங்கள். புளூடூத் இந்தப் பின் தொல்லை முழுவதையும் தீர்க்கும். பாட்டுக் கேட்க அருமை. அதில் வரும் தாமதத்தால் பாடிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு மட்டும் ஆகாது.

இனி தங்க முலாம். அது துருப்பிடிக்காது, அவ்வளவுதான். சென்னை, தூத்துக்குடி உப்புக் காற்றில் அது சின்ன விஷயமல்ல. ஆனால் ஒலி இனிமையாகும் என்பது விற்பனைப் பேச்சு. கறுத்த பின்னை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முலாமும் போய்விடும்.

வாங்கியதைச் சுருட்டும் விதத்திலும் ஆயுள் இருக்கிறது. முழங்கையில் சுற்றினால் உள்ளே இழைகள் முறுக்கேறும். வயர் தானாக விழும் வட்டத்திலேயே சுருட்டுங்கள். நிகழ்ச்சி நடுவே கரகரத்த கேபிளில் அப்போதே ஒரு முடிச்சுப் போட்டுத் தனியே எறியுங்கள். ‘அப்புறம் பார்ப்போம்’ என்று மற்றவற்றோடு பெட்டியில் போட்டால், அடுத்த நிகழ்ச்சியில் முதலில் கைக்கு வருவது அதுதான்.