நீங்கள் கிளம்பிய பிறகும் பாடம் நடக்க வேண்டும்

தாய்லாந்தின் வடகிழக்கில், கம்போடிய எல்லையை ஒட்டியிருக்கிறது சூரின் மாகாணம். அங்கே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், மே நடுவில் தொடங்கும் முதல் பருவம் முழுக்க ஆங்கிலத் தன்னார்வலராக இருந்தேன். இப்படிப் போக நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: தனி வகுப்பு கேட்காதீர்கள். அங்கே ஏற்கெனவே ஆங்கிலம் நடத்துகிற ஆசிரியையோடு சேர்ந்து நடத்தக் கேளுங்கள்.

வெளிநாட்டார் ஒருவர் வந்ததும் வகுப்பை அவரிடம் விட்டுவிட்டு உள்ளூர் ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வது பல இடங்களில் வழக்கம். பாட்டு, விளையாட்டு என்று பிள்ளைகளும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். வந்தவர் விமானம் ஏறியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அந்தப் பிள்ளைகள் முன்னால் நிற்கப்போகிறவர் அந்த ஆசிரியை. நம் உழைப்பு அவரிடம் போய்ச் சேர்ந்தால்தான் அது பள்ளியில் தங்கும்.

என்னோடு வேலை செய்த ஆசிரியைக்கு இலக்கணம் துல்லியமாகத் தெரியும். வாய்திறந்து பேசத்தான் கூச்சம். அதிலும் நான் பக்கத்தில் நின்றால் இன்னும் அதிகம். காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம். அதற்கு முன்பே இருவரும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அன்றைய உரையாடலைச் சத்தமாக வாசிப்போம். மாணவர் யாரும் இல்லாத அந்த நேரம்தான் பருவத்திலேயே பயனுள்ள நேரம் என்பேன். சில வாரங்களில் ‘புத்தகத்தைத் திறங்கள்’, ‘ஜோடியாக உட்காருங்கள்’ போன்றவற்றை வகுப்பில் அவரே ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார்.

உச்சரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாய்லாந்து மொழியில் ஒரு சொல் மிகச் சில மெய்யொலிகளில்தான் முடியும். கடைசியில் வரும் ‘ஸ்’ ‘ட்’ ஆகும். ‘ல்’ ‘ன்’ ஆகும். அதனால் ‘பஸ்’ஸும் ‘பட்’டும் ஒன்றாகக் கேட்கும், ‘ஃபுட்பால்’ ‘ஃபுட்பான்’ ஆகும். சொல் முடிவில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் ஒன்று விழுந்துவிடும். ஆங்கிலத்தில் பன்மையும் இறந்தகாலமும் பெரும்பாலும் அந்தக் கடைசி ஒலியில்தான் இருக்கின்றன. தாய்லாந்து மொழியிலோ வினை காலத்துக்காக மாறாது, பெயர் பன்மைக்காக மாறாது. ஆகவே அந்த ஒலி விழுந்தது பிள்ளைகளின் காதுக்கே தெரிவதில்லை. நாம் அதை இலக்கணப் பிழை என்று சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். காதைப் பழக்காமல் வட்டமிட்டு என்ன பயன்?

நாங்கள் செய்தது எளிது. கடைசி ஒலியில் மட்டும் வேறுபடும் இரண்டு சொற்களைச் சொல்வோம். முதல் சொல் கேட்டால் சன்னல் பக்கம், இரண்டாவது கேட்டால் கதவுப் பக்கம் கை காட்ட வேண்டும். வகுப்புக்கு ஐந்து நிமிடம். காதுக்குப் பிடிபட்ட பிறகுதான் வாய்க்கு வேலை. தமிழர்கள் ‘பஸ்ஸு’, ‘ஸ்கூலு’ என்று கடைசியில் உகரம் சேர்ப்பதையும் சொல்லிக் காட்டினேன். ஒவ்வொரு மொழிக்காரரின் நாக்கும் தன் பழக்கத்தில்தான் போகும் என்று புரிந்ததும் பிள்ளைகளின் பயம் தெளிந்தது. ஆங்கிலம் சொல்லித்தர வெள்ளைக்காரர்தான் வருவார் என்று சிலர் எதிர்பார்த்திருந்தார்கள். இந்தியர் போனால் அது காதில் விழும்; மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளியில் உட்கார்ந்து ஆங்கிலம் கற்றவர் நாம். எப்படிக் கற்றோம் என்று அவர்களுக்குக் காட்ட நம்மால் முடியும்.

‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். பலர் முன்னால் தனியாக எழுந்து நிற்கவும், ஆசிரியரைச் சங்கடப்படுத்தவும் அந்தப் பிள்ளைகள் விரும்புவதில்லை. பக்கத்திலிருப்பவரிடம் முதலில் பேசவிட்டு, பிறகு குழுவாகச் சொல்லச் சொல்லுங்கள். யாரையும் எல்லோர் முன்னும் கண்டிக்காதீர்கள். செல்லமாகக்கூட யார் தலையையும் தொடாதீர்கள்.

சூரினில் பல வீடுகளில் பேச்சு கெமேர் மொழியில், சில வீடுகளில் குய் மொழியில், வேறு சிலவற்றில் லாவோவில். பள்ளியில் தாய்லாந்து மொழி. அதற்கும் பிறகுதான் ஆங்கிலம். 2014இல் தாய்லாந்துக் கல்வி அமைச்சகம் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின்படி ஒன்பதாம் வகுப்பு முடிப்பவருக்கு ஏ2, பன்னிரண்டு முடிப்பவருக்கு பி1 என்று இலக்கு வைத்தது. கிராமத்துப் பள்ளிக்கு அது வெகுதூரம். பிள்ளைகள் மந்தமானவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முடிந்தால் ஜூனில் நடக்கும் குரு வணக்க விழாவுக்கு அங்கே இருங்கள். மண்டியிட்டு வரும் மாணவர்களின் தட்டில் அறுகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ, நெல்பொரி இருக்கும். அறுகுபோல அறிவு படர வேண்டும், காய்க்கும் கத்தரிபோலப் பணிய வேண்டும் என்பது பொருள். நம் ஊர்ப் பூக்களை அந்தத் தட்டில் கண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சம்பளம் இல்லையென்றாலும் சுற்றுலா விசாவில் போய்க் கற்பிக்கக் கூடாது. உரிய விசாவையும் வேலை அனுமதியையும் பள்ளி வழியாக முன்பே கேட்டு வாங்குங்கள். பட்டச் சான்றிதழ்களைச் சான்றொப்பத்தோடு எடுத்துச் செல்லுங்கள்.

கிளம்பும் முன் பாடநூலின் உரையாடல்கள் எல்லாவற்றையும் இருவர் குரலிலும் பதிவுசெய்து ஆசிரியையின் கைபேசியில் ஏற்றினோம். அங்கே எல்லோரும் பயன்படுத்துவது லைன் செயலி. மாணவர்கள் வாசிப்பதை அவர் அதில் அனுப்புகிறார். நான் கேட்டுவிட்டு எந்தக் கடைசி ஒலி விழுகிறது என்று அவருக்கு எழுதுகிறேன். வகுப்பில் அதைத் திருத்துவது அவர்.