ரயிலில் பிறந்த வதந்தி

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. நாங்கள் பணம் போட்டிருக்கும் வங்கி மூழ்கப் போகிறது, உடனே எடுத்துவிடுங்கள் என்று யாரோ பதறுகிறார். பொய் என்று மறுநாளே தெரிந்துவிட்டது. அதற்குள் என் மாமியார் எஃப்.டி.யை முதிர்வுக்கு முன்பே முடித்து, வட்டியையும் இழந்துவிட்டார். வெறும் வதந்தியால் ஒரு வங்கி உண்மையிலேயே ஆட்டம் காணுமா? - வாசகி, கும்பகோணம்

பதில்: காணும். பல நாடுகளில் கண்டிருக்கிறது. உங்கள் மாமியாரை வீட்டில் யாரும் குறை சொல்ல வேண்டாம். 1973 டிசம்பரில் ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் நடந்ததைக் கேட்டால், அவர் செய்ததைத்தான் பல்லாயிரம் பேர் செய்திருப்பார்கள் என்பது புரியும்.

டிசம்பர் 8, சனிக்கிழமை. உயர்நிலைப் பள்ளி மாணவிகள் மூவர் ரயிலில் பேசிக்கொண்டு போகிறார்கள். ஒருத்திக்கு டொயோகாவா ஷின்கினில் வேலை உறுதியாகியிருந்தது. ஷின்கின் என்பது உறுப்பினர்களைக் கொண்டு நடக்கும் உள்ளூர் வங்கி. ஏறக்குறைய நம் நகரக் கூட்டுறவு வங்கி மாதிரி. "ஷின்கினா? ஆபத்தாயிற்றே!" என்று தோழிகள் சீண்டினார்கள். கொள்ளைக்காரர்கள் புகுந்தால் என்ன செய்வாய் என்ற பொருளில் சொன்ன பேச்சு அது.

அந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. அன்று மாலை உறவுக்காரப் பெண்மணியிடம், "ஷின்கின் ஆபத்தா?" என்று கேட்டாள். அவர் அதை வங்கியின் நிதி நிலைமை பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டு, வங்கித் தலைமையகத்தின் பக்கத்தில் குடியிருந்த இன்னொரு உறவினரிடம் தொலைபேசியில் விசாரித்தார். அவர் அழகுநிலையக்காரரிடம் கேட்டார். அழகுநிலையக்காரர் தன் உறவினரிடம் பேசியபோது, சலவைக்கடைக்காரர் ஒருவர் தற்செயலாக அங்கே இருந்தார். அதுவரை யாருமே வதந்தி பரப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் விசாரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டால், ஐந்தாவது ஆளின் காதில் அது செய்தியாகத்தான் விழும்.

டிசம்பர் 13 அன்று நடந்ததுதான் திருப்பம். அந்தச் சலவைக்கடைக்கு வந்த ஒருவர், தொலைபேசியை இரவல் வாங்கி, "டொயோகாவா ஷின்கினில் இருந்து 12 லட்சம் யென் எடுத்துவிடு" என்று யாரிடமோ சொன்னார். அவருக்கு வதந்தியே தெரியாது. தொழிலுக்குப் பணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவிக்கோ கடைசிச் சந்தேகமும் தீர்ந்தது. ஓடிப்போய்த் தங்கள் 18 லட்சம் யென்னை எடுத்தார். பிறகு கணவனும் மனைவியுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தகவல் சொன்னார்கள். வேண்டியவர்கள் நஷ்டப்படக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான் காரணம். கேட்டவர்களில் ஒரு ஹாம் ரேடியோ ஆர்வலரும் இருந்தார்; செய்தி காற்றில் ஏறிவிட்டது. அன்று கொசாகாய் கிளையில் மட்டும் 59 பேர் சுமார் 5 கோடி யென் எடுத்தார்கள். கிளைக்கு ஆள் ஏற்றிப்போன டாக்சி ஓட்டுநர், பகலில் "ஆபத்தாம்" என்று பயணிகள் சொல்லக் கேட்டார். இரவில் ஏறியவர்கள் "நாளைக்குக் கதவே திறக்காது" என்றார்கள்.

அதன் பிறகு வங்கி என்ன செய்தாலும் வதந்திக்கே சாட்சியானது. கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீஸ் வந்தால், உள்ளே சோதனை நடக்கிறது என்றார்கள். வரிசை வேகமாக நகரட்டும் என்று சில்லறையை நிறுத்திவைத்து முழுத் தொகையாகக் கொடுத்தால், வட்டியை மறுக்கிறார்கள் என்றார்கள். ஊழியர் கோடிக்கணக்கில் கையாடல், தலைவர் தற்கொலை என்றெல்லாம் கிளைக்கதைகள் முளைத்தன. எடுக்கப்பட்ட பணம் நூறு கோடி யென்னைத் தாண்டியது.

ஜப்பானின் மத்திய வங்கி, பணத்துக்குக் குறைவில்லை என்று அறிவித்துக் கட்டுக்கட்டாக நோட்டுகளை அனுப்பியது. வங்கி அவற்றை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி அடுக்கிவைத்தது. போலீஸார் யாரிடமிருந்து யாருக்குப் பேச்சு போனது என்று ஒவ்வொரு கண்ணியாகத் தேடி, ரயில் பெட்டி வரை போய், அந்தப் பாதையை வெளியிட்டார்கள். சதி எதுவும் இல்லை. அந்த விசாரணையை நான் பெரிதாக மதிக்கிறேன். "நம்பாதீர்கள்" என்ற அறிக்கையால் முடியாததை, "இது இங்கே தொடங்கி இப்படி வந்தது" என்ற விவரம் செய்துகாட்டியது.

நேரமும் சரியில்லை. அந்த அக்டோபரில்தான் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. நவம்பரில் டாய்லெட் பேப்பர் கிடைக்காது என்ற பயத்தில் ஜப்பானியக் கடைகளில் அடிதடியே நடந்தது. பயந்திருக்கும் ஊரில் வதந்திக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை.

கேள்வி: நல்ல வங்கியாக இருந்தால் கேட்கிறவர்களுக்கெல்லாம் பணம் கொடுத்துவிட்டுப் போகலாமே? - வாசகர், விருதுநகர்

பதில்: முடியாது. நாம் போடும் பணத்தில் பெரும்பகுதி வீட்டுக் கடனாகவும் தொழில் கடனாகவும் வெளியே இருக்கிறது. இருபது வருடத் தவணையில் திரும்பி வரும் பணத்தை இன்று மாலைக்குள் வசூலிக்க எந்த வங்கியாலும் இயலாது. எல்லோரும் எடுப்பார்கள் என்று நான் நம்பினால், முதலில் ஓடுவதே எனக்குப் புத்திசாலித்தனம். எல்லோரும் அப்படி நினைத்தால் ஆரோக்கியமான வங்கியும் விழும். டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் இருவரும் 1983-ல் இதைக் கணித முறையில் நிறுவினார்கள். 2022-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: இதற்கெல்லாம் அரசு உடனே வாய் திறந்தால் போதாதா? - வாசகர், மதுரை

பதில்: வாய் திறந்தே வந்த வினையும் உண்டு. 1927 மார்ச் 14 அன்று ஜப்பானிய நிதியமைச்சர் கதாவோக்கா நவோஹாரு, டோக்கியோ வாதனாபே வங்கி விழுந்துவிட்டது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்த வங்கி அன்றைய பணத்தை எப்படியோ புரட்டிச் சமாளித்திருந்தது. அது அமைச்சருக்குத் தெரியவில்லை. மறுநாள் வங்கி மூடியது. பீதி மற்ற வங்கிகளுக்கும் பரவியது. ஒன்றையும் சொல்ல வேண்டும்: அது உள்ளுக்குள் ஏற்கெனவே நலிந்திருந்த வங்கி. எல்லா வரிசையும் வெறும் வதந்தியால் உருவாவதில்லை.

அடுத்த மாதம் நிதியமைச்சராகப் பொறுப்பேற்ற தகாஹாஷி கொரேக்கியோ, மூன்று வாரம் கடன், பணப் பட்டுவாடாக்களை ஒத்திவைக்க உத்தரவிட்டார். அவசரத்தில் பின்பக்கம் அச்சிடாமலே 200 யென் நோட்டுகளை அடித்து, வங்கிகளின் முகப்பில் குவிக்க வைத்தார். பணம் கண்ணுக்குத் தெரிந்ததும் கூட்டம் கரைந்தது. நம் நாட்டில் 2003 ஏப்ரலில், வதந்தியை நம்பி ஐசிஐசிஐ வங்கியின் குஜராத் ஏ.டி.எம்.களில் மக்கள் குவிந்தபோதும் ரிசர்வ் வங்கி வெளிப்படையாக உறுதி சொன்னது, கேட்டவர்களுக்குப் பணமும் கிடைத்தது. பேச்சும் பணமும் சேர்ந்து வந்தால்தான் பயம் தணிகிறது.

கேள்வி: என் அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் முழுவதும் வங்கியிலும் ஊர்ச் சங்கத்திலும் இருக்கிறது. நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்? - வாசகி, தென்காசி

பதில்: முதலில் காப்பீட்டைப் பாருங்கள். கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி 1960-ல் விழுந்த பிறகு, 1962 ஜனவரி 1 முதல் இந்தியாவில் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. தொடக்கத்தில் வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் உள்ள சேமிப்பு, நடப்பு, வைப்பு எல்லாவற்றுக்கும், எத்தனை கிளைகளில் இருந்தாலும், அசலும் வட்டியும் சேர்த்து இதுதான் வரம்பு. வங்கியின் மீது ரிசர்வ் வங்கி பணம் எடுக்கத் தடை விதித்தால், இந்தத் தொகையை 90 நாட்களுக்குள் தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது.

அஞ்சலகச் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு. நகரக் கூட்டுறவு வங்கிகளும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் காப்பீட்டுக்குள் வருகின்றன. ஆனால் நீங்கள் சொல்லும் ஊர்ச் சங்கம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமாக இருந்தால் இந்தக் காப்பீடு கிடையாது. தனியார் நிதி நிறுவனங்களுக்கும் சீட்டுக் கம்பெனிகளுக்கும் கிடையாது. இதை அப்பாவிடம் இந்த வாரமே எடுத்துச் சொல்லுங்கள். ஒரே வங்கியில் 5 லட்சத்துக்கு மேல் இருந்தால், எஃப்.டி. முதிரும்போது நிதானமாக வேறு வங்கிக்குப் பிரித்துக்கொள்ளலாம்.

குரல் பதிவு வந்தால், சொன்னவருக்கு யார் சொன்னது என்று கேளுங்கள். ஒரு வங்கிக்கு உண்மையில் தடை வந்தால் அது ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உத்தரவாகவே இருக்கும். அங்கே இல்லையென்றால், அந்தப் பதிவை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள், "உண்மையா?" என்று கேட்பதற்காகக்கூட அனுப்பாதீர்கள்.