நோக்கியாவும் ஸ்ரீபெரும்புதூரும்

காசிமேட்டுத் துறையில் மீன் ஏலங் கூறுவோர் கையில் நோக்கியா என்னும் சிறு பொத்தான் கைப்பேசி விளங்கிய காலத்தை நம்மிற் பலர் கண்டுள்ளோம். அக்கருவிகளுட் பல நம் மாகாணத்திலேயே உருவானவை. பின்லாந்து தேசத்தில் 1865-ஆம் ஆண்டு காகித ஆலையாய்த் தோன்றிய அந்நிறுவனம், 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை நிறுவிற்று. சிற்றூர் இளைஞரும், சிறப்பாகப் பெண்மக்களும், ஆயிரக்கணக்கில் ஆங்கு ஊதியம் பெற்றனர்.

மறு ஆண்டே அமெரிக்காவில் ஐபோன் வெளிவந்தது. நோக்கியாவின் கருவி பழுதுடையதோ எனின், அன்று; கீழே விழினும் உடையாமையே அதன் புகழ். மாறியது மக்கள் விருப்பம். தொடுதிரையும் பிறர் இயற்றிய செயலிகளும் வேண்டப்பட்ட காலத்தும், அந்நிறுவனம் சிம்பியன் என்னும் தன் பழைய மென்பொருளை எளிதில் விட்டிலது. 2011-இல் அதனைக் கைவிட்டு விண்டோஸைத் தழுவியும், மேனாட்டுச் சந்தை மீளவில்லை.

2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் அக்கைப்பேசித் தொழிலை வாங்கிற்று. ஸ்ரீபெரும்புதூர் ஆலையோ வரி வழக்கிற் சிக்குண்டு அவ்விற்பனையிற் சேராது நின்று, நவம்பர் 1-ஆம் நாள் மூடப்பட்டது. கலிபோர்னியாவில் எழுந்த புதுமைக்கு ஈண்டுள்ள தொழிலாளர் என் செய்வர்? அவர் கைத்திறனிற் குறை கண்டார் எவருமிலர்.

பின்னர் அவ்வாலையைச் சால்காம்ப் என்னும் நிறுவனம் வாங்கிற்று. ஐபோனுக்குச் சார்ஜர் செய்து அளிப்போருள் அதுவும் ஒன்று.