நாலு மணி நேரப் படிப்பு எங்கே போயிற்று?



ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கள்ளிக்காட்டில் குடியிருப்பவன் நான். மனோதத்துவம் படித்தவனல்ல, படித்தது பொறியியல் டிப்ளமோ. ஆனால் பத்தாம் வகுப்பில் இருக்கும் என் பேத்தி ஓணப் பரீட்சையில் கணக்கில் 80க்கு 34 வாங்கி வந்தபோது, காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தண்டவாளக் கணக்குத்தான் உதவியது.

"டெய்லி நாலு மணி நேரம் படிச்சேனே பாட்டா" என்று அழுதாள். பொய் சொல்கிற பிள்ளையல்ல. ஒரு நாள் மாலை பக்கத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் 14 முறை கைப்பேசியைத் தொட்டாள். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம், முக்கால் நிமிடம். எல்லாம் சேர்த்தாலும் பத்து நிமிடம் வராது. மீதி ஐம்பது நிமிடம் என்ன ஆயிற்று?

கேங் ஆட்கள் பாதையில் வேலை செய்யும் இடத்தில் வண்டியை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சொல்வோம். அந்த இடம் 200 மீட்டர்தான்; 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஏழு நொடியில் கடந்துவிடும் தூரம். ஆனால் வண்டி முன்கூட்டியே வேகம் குறைக்க வேண்டும். 24 பெட்டிகளில் கடைசிப் பெட்டியும் அந்த இடத்தைத் தாண்டிய பிறகே ஓட்டுநர் வேகத்தைக் கூட்டலாம். பழைய வேகத்தை எட்டவும் நேரமாகும். மொத்தத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் நஷ்டம். ஒரு மணி நேரத்தில் இப்படிப் பதினான்கு இடம் வந்தால் அந்த வண்டி எப்போது ஊர் போய்ச் சேரும்?

மனித மூளையும் ஏறக்குறைய இப்படித்தான். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதை எழுதினார். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், மனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறதாம். கடைசிப் பெட்டி இன்னும் தாண்டவில்லை என்று எனக்குப் புரிந்தது.

பிள்ளையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எப்போது தானியம் விழும் என்று தெரியாதபடி வைத்தால் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டிலேயே காட்டினார். இன்ஸ்டாகிராமும் அதே தந்திரம்தான். பக்கம் முடிந்தாலாவது எழுந்திருப்போம். முடிவே இல்லாமல் ஓடும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த அசா ரஸ்கின், பிற்பாடு அதற்காக வருந்தினார். 2024ஆம் ஆண்டின் அசர் கணக்கெடுப்பில், கைப்பேசி கையாளத் தெரிந்த 14 முதல் 16 வயதுக் கிராமப் பிள்ளைகளில், முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியோர் 57 சதவீதம். சமூக ஊடகம் பார்த்தோர் 76 சதவீதம்.

எங்கள் வீட்டுக்குள் இதைக் கொண்டுவந்தவனும் நானே. 2020 ஜூன் மாதம் கேரளத்தில் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் வகுப்புகள் தொடங்கி, வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கியபோது வாங்கிக் கொடுத்தேன். பள்ளிகள் திறந்த பிறகு திரும்ப வாங்கத் தோன்றவில்லை.

இப்போது மாலை ஆறு மணிக்குக் கைப்பேசி அடுக்களையில் அரிசிப் பானைமேல் போய்விடும். முதல் வாரம் சாப்பாட்டிலெல்லாம் சண்டை. "நீங்க மட்டும் பாக்கலாமோ?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பேரக்குழந்தைகள் பேசினால் உம் கொட்டிக்கொண்டே வாட்ஸ்அப் பார்க்கிற தாத்தாக்களில் நானும் ஒருவன்.

பிடுங்கினால் பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், கையை ஓங்கும் அளவுக்குப் போனால் அரிசிப் பானை போதாது. கேரளக் காவல்துறை 2023இல் தொடங்கிய டி-டாட் மையம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அங்கே வழக்கில்லை, ஆலோசனைதான். பெங்களூரில் உள்ளவர்களுக்கு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

பேத்தி இப்போது இரண்டு மணி நேரத்தில் கணக்கை முடித்துவிட்டு எழுந்துவிடுகிறாள். மதிப்பெண் என்ன ஆகும் என்பது மார்ச்சில்தான் தெரியும். என் கைப்பேசியும் அரிசிப் பானைமேல்தான் இருக்கிறது. சங்க நண்பர்கள் எட்டரை மணிக்கு முன் அழைத்து நான் எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.