ஏழாவது சக்கரம்: சிற்றுருவ மாதிரியில் ‘கேட்டபல்ட்’ பீரங்கி ஊர்தி

சென்னையை அடுத்த ஆவடியிலுள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965ஆம் ஆண்டு ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பைத் தழுவி நம் நாட்டில் உருவான முதன்மைப் போர் டாங்கி அது. பிற்காலத்தில் அதே டாங்கியின் டரட் எனப்படும் சுழல்கூண்டை அகற்றி, உடற்பகுதியை நீட்டி, சோவியத் நாட்டு எம்-46 என்னும் 130 மில்லிமீட்டர் பீரங்கியை அதன்மேல் பொருத்தினர். அதுவரை வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லப்பட்ட பீரங்கி, தானே நகரும் ஆற்றல் பெற்றது. சுமார் 27 கிலோமீட்டர் தொலைவு சுடவல்ல அந்த ஊர்திக்குக் ‘கேட்டபல்ட்’, அதாவது கவண், என்று பெயரிட்டனர்.

இருப்பதைக் கொண்டு புதிய தேவையை நிறைவு செய்த இம்முயற்சியைச் சிற்றுருவமாக அமைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒரு மாதிரியைத் திருத்தி வேறொன்றாக ஆக்கும் இவ்வேலையைச் சிற்றுருவக் கலைஞர்கள் ‘கன்வர்ஷன்’ என்பர்; நாம் உருமாற்றம் எனலாம். ஜெர்மனியின் டைகரும் அமெரிக்காவின் ஷெர்மனும் எத்தனையோ தொகுப்புகளாகக் கடைகளில் கிடைக்கின்றன. நம் கவணை நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

அளவு

படை ஊர்தி மாதிரிகளில் பெருவழக்காக உள்ள விகிதம் 1:35. ஜப்பானின் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியைத் தொகுப்பாக வெளியிட்டபோது, உள்ளே மின்கலமும் மோட்டாரும் அடங்கும்படி உடலின் அளவை முடிவு செய்தது. கணக்கிட்டபோது அது ஏறத்தாழ 1:35 ஆக அமைந்தது. அதுவே பிறகு மரபாயிற்று.

கணக்கு எளிது. உண்மை அளவை மில்லிமீட்டரில் எழுதி 35ஆல் வகுக்க வேண்டும். விஜயந்தாவின் அகலம் 3,168 மி.மீ.; மாதிரியில் 90.5 மி.மீ. பீரங்கிக் குழலின் உள்விட்டம் 130 மி.மீ.; மாதிரியில் 3.7 மி.மீ. இதை மறுதலையாகவும் நினைவிற்கொள்ள வேண்டும். மாதிரியில் 1 மி.மீ. பிழை, உண்மை ஊர்தியில் 3.5 சென்டிமீட்டர் பிழைக்குச் சமம்.

சான்று

என் முதல் முயற்சி இங்கேதான் தவறியது. ‘விஜயந்தாவின் உடற்பகுதி மேல் அமைந்தது’ என்று படித்த மாத்திரத்தில், அந்த டாங்கியைப் போலவே பக்கத்திற்கு ஆறு சக்கரங்கள் வைத்து உடலைக் கட்டி முடித்தேன். இரண்டு மாத உழைப்பு. அதன் படத்தை அலுவலக மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருந்தேன்.

நவம்பர் மாதத்தில் புனேயின் வங்கிக் கிளைகளுக்கு முன்னாள் படைவீரர்கள் பலர் உயிர்வாழ்வுச் சான்று அளிக்க வருவர். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் தமிழர்; பீரங்கிப் படையில் பணியாற்றியவர். கையொப்பமிடக் குனிந்தவர், படத்தின்மேல் விரல் வைத்து எண்ணினார். “சார், ஆறு சக்கரம் விஜயந்தாவுக்கு. எங்கள் வண்டிக்கு ஏழு” என்றார்.

வீடு திரும்பி, கிடைத்த படங்களையெல்லாம் மீண்டும் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. உடல் நீண்டதால் ஒரு சக்கரம் கூடியிருந்தது. படங்கள் முன்பே என்னிடம் இருந்தன. நான் எண்ணிப் பார்க்கவில்லை. கடன் விண்ணப்பத்தில் மூல ஆவணத்தைச் சரிபார்க்காமல் ஒருநாளும் கையொப்பமிடாதவன், இதில் கேள்விப்பட்டதை அப்படியே நம்பியிருந்தேன்.

எனவே அறுக்கும் முன் சான்று திரட்டுங்கள். பல நகரங்களில் விஜயந்தா டாங்கிகள் பொது இடங்களில் நினைவுச் சின்னங்களாக நிற்கின்றன. புனேயிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அகில்யாநகரில் (முன்னாள் அகமத்நகர்) கவசப் படையின் டாங்கி அருங்காட்சியகம் உள்ளது. சக்கரத்தின் விட்டம் ஒன்று தெரிந்தால் போதும். பக்கவாட்டுப் படத்தில் மற்ற நீளங்களை அதனோடு ஒப்பிட்டுக் கணக்கிடலாம். படம் நேர்ப்பக்கவாட்டில் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். சாய்ந்த கோணத்தில் தொலைவிலுள்ள சக்கரங்கள் சிறுத்துத் தோன்றி ஏமாற்றும். படையின் இடங்களில் அனுமதியின்றிப் படம் எடுத்தல் கூடாது.

அமைப்பு

உடலைப் பாலிஸ்டைரின் தகட்டால் கட்டலாம். 1 மி.மீ. தகடு பக்கச் சுவர்களுக்கும் 0.5 மி.மீ. தகடு மேற்பரப்பு நுணுக்கங்களுக்கும் ஏற்றவை. என்னைப் போல் கட்டிய உடலை நீட்ட நேர்ந்தால், சக்கரங்களுக்கு இடைப்பட்ட கோட்டில் மெல்லிய இரம்பத்தால் செங்குத்தாக அறுத்து, இடையே புதிய துண்டைச் செருக வேண்டும். உட்புறம் இணைப்பின் குறுக்கே பட்டைகளை ஒட்டினால் உடல் வளையாது. இணைப்பை மக்கு பூசி மூடி, 400, 800, 1000 என்னும் வரிசையில் நீர்த்தாளால் தேய்க்க வேண்டும்.

சக்கரம் கூடினால் அதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொன்றும் இரட்டைத் தட்டு ஆதலால், 24 தட்டுகள் 28 ஆகின்றன. சங்கிலிப் பட்டை மேலும் கீழும் ஓடுவதால், உடல் நீண்ட அளவைப்போல் இரு மடங்கு நீளம் ஒவ்வொரு பக்கமும் கூடுகிறது. தட்டு ஒன்றைப் பிழையறச் செய்து, சிலிக்கோன் இரப்பரில் அச்செடுத்து, மற்றவற்றை ரெசினில் வார்த்துக்கொள்ளலாம். ரெசினைத் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் அணிந்து, நீர் தொட்டுத் தேய்ப்பது நலம்.

குழலுக்குப் பித்தளைக் குழாய் உகந்தது. எம்-46 பீரங்கியின் அடையாளமே குழல் முனையில் வரிசையாகத் துளைகளுடைய முகப்புத் தடைதான். துளைகளின் இடத்தைத் தாளில் குறித்து, அத்தாளைச் சுற்றி ஒட்டி, பிறகு துளையிட்டால் வரிசை பிசகாது.

வண்ணம்

புனேயில் சூன் முதல் செப்டம்பர் வரை வண்ணம் தெளிப்பதைத் தவிர்ப்பது நல்லது. காற்றின் ஈரம் லாக்கர் வண்ணத்தின்மேல் படிந்து வெண்புகை போல் மூடிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையான உலர்ந்த நாள்களே ஏற்றவை.

முதலில் உடலைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, சாம்பல் நிற அடிப்பூச்சு அளிக்க வேண்டும். கண்ணுக்குத் தப்பிய இணைப்புக் கோடுகள் அப்போது வெளிப்படும். அவற்றைத் திருத்தியபின் மேலே செல்க. அடுத்து ஆலிவ் பச்சை. வண்ணத்தைப் பாலின் பதத்திற்கு நீர்க்கச் செய்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மூன்று நான்கு மெல்லிய படலங்களாகத் தெளிக்க வேண்டும். சிறிய பொருளில் அதே பச்சை உண்மையைவிடக் கருத்துத் தோன்றுமாதலால், சில துளி வெளிர்நிறம் கலப்பது வழக்கம்.

பளபளப்பு வார்னிஷின் மேல் எண்களையும் குறிகளையும் ஒட்டி, நீர்த்த பழுப்பு எண்ணெய் வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிட்டு, இறுதியில் மங்கல் வார்னிஷ் பூச வேண்டும். புழுதிக்கும் இடம் உண்டு. இராசத்தான் மணல் வெளிர்மஞ்சள்; தக்காணத்து மண் கருமை. எந்த நிலத்தில் ஓடிய வண்டி என்று முடிவு செய்தபின் புழுதியைத் தூவுங்கள்.

2018ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் தேவலாலியில் ‘கே-9 வஜ்ரா’ என்னும் புதிய தானியங்கு பீரங்கி படையில் சேர்க்கப்பட்டது. கவணின் காலம் கடந்துவருகிறது. அதனுள் நின்றவர்கள் இன்று ஓய்வூதியம் பெற வரிசையில் நிற்கிறார்கள்.

அடுத்த நவம்பரில் அப்பெரியவர் வந்தபோது, திருத்திய மாதிரியை மேசைமேல் வைத்தேன். முதலில் சக்கரங்களை எண்ணினார். பிறகு பீரங்கியின் மேலுள்ள கூரையைத் தொட்டார். அதை ஒட்டாமல், கழற்றும்படி அமைத்திருந்தேன். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நெடுநேரம் பார்த்தார். குழலின் அருகே ஓரிடத்தைச் சுட்டி, “இங்கேதான் சார் நான் நிற்பேன்” என்றார்.

அவ்விடத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு வீரர் உருவத்தைச் செய்துகொண்டிருக்கிறேன். சீருடையின் நிறத்தை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டேன்.