களங்கம் துடைக்கும் நாடகம்

சென்னையில் ஒருவரைக் கேலி செய்ய வேண்டுமானால், "இவனைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பணும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நீங்களே விளையாட்டாகச் சொல்லியும் இருக்கலாம். 1794ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் அரசு மனநல மருத்துவமனையே இந்தக் கேலிக்குக் காரணம். 1819இல் தொடங்கப்பெற்ற ஒரு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. "எழும்பூருக்குப் போ" என்றால் யாரும் கோபிப்பதில்லை. கண்ணும் உடலின் உறுப்பு. மூளையும் உடலின் உறுப்பு. ஒன்றின் மருத்துவமனை சாதாரணமாகவும், மற்றொன்றின் மருத்துவமனை வசைச் சொல்லாகவும் ஆனது எப்படி?

இதற்கு விடை மருத்துவ நூல்களில் மட்டும் இல்லை. மனித மனம் பிறரை எடைபோடும் விதத்தில் இருக்கிறது. அந்த எடையை மாற்ற நாடகமும் உண்மைக் கதைகளும் எவ்வாறு உதவுகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

களங்கம் என்றால் என்ன?

ஒரு நோயை வைத்து மனிதரையே தாழ்வாக எண்ணி ஒதுக்குவதைக் களங்கப் பார்வை எனலாம். இது மூன்று படிகளில் நிகழ்கிறது. முதலில் தவறான அறிவு: "மனநோய் குணமாகாது", "அவர்கள் எல்லோரும் ஆபத்தானவர்கள்". அடுத்து வெறுப்பும் அச்சமும். மூன்றாவது செயல்: வாடகைக்கு வீடு மறுப்பது, வேலை மறுப்பது, திருமணப் பேச்சை நிறுத்துவது.

2009ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இந்தியா உள்பட 27 நாடுகளில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள 732 பேரிடம் அவர்களுடைய அனுபவத்தைக் கேட்டார்கள். 47 சதவீதத்தினர் நட்பு விஷயத்தில் பாகுபாட்டைச் சந்தித்திருந்தனர். 43 சதவீதத்தினருக்கு அது சொந்தக் குடும்பத்திலேயே நேர்ந்தது. 72 சதவீதத்தினர் தம் நோயை மறைக்க வேண்டும் என்று கருதினர்.

மறைத்தால் என்ன நஷ்டம்? காலம் நஷ்டம். மனநோய்களில் ஏறத்தாழப் பாதி, 18 வயது நிரம்புமுன்னே தொடங்கிவிடுகின்றன. அதாவது உங்கள் வயதில். சிகிச்சை எவ்வளவு விரைவில் கிடைக்கிறதோ, அவ்வளவுக்குப் படிப்பும் வேலையும் உறவும் காப்பாற்றப்படுகின்றன. "நாலு பேர் என்ன சொல்வார்களோ" என்று கழியும் ஒவ்வொரு மாதமும் நோய்க்கு லாபம்.

மறைப்பதன் கடைசி எல்லையை நம் மாநிலம் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 அன்று கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. அங்கே மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இரும்புச் சங்கிலியை அறுக்கலாம். மனத்திலுள்ள சங்கிலியை?

கொரட்டூரிலிருந்து பார்ப்போம்

கொரட்டூர் ரயில் நிலையத்திலிருந்து தெற்கே பாடியைக் கடந்தால் அண்ணாநகர் மேற்கும் முகப்பேரும் வருகின்றன. சில கிலோமீட்டருக்குள் மனநலத் துறையில் பெயர்பெற்ற இரண்டு நிறுவனங்கள் அங்கே உள்ளன.

அண்ணாநகர் மேற்கு விரிவில் இருப்பது 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம். இதை 1984இல் நிறுவியவர் டாக்டர் சாரதா மேனன் (1923–2021). இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என அறியப்படும் இவர், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தலைமை தாங்கியவர். இந்நிறுவனம் 2010இல் புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களுக்குத் தொலைமருத்துவ வசதியுள்ள பேருந்தை அனுப்பத் தொடங்கியது. மருத்துவம் ஊர் தேடிச் சென்றது. மனநலம் பற்றிய திரைப்பட விழாக்களையும் இந்நிறுவனம் நடத்தியிருக்கிறது.

முகப்பேரில் இருப்பது 'பேன்யன்'. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள் 1993இல் தொடங்கியது. மனநோயால் வீடிழந்து தெருவில் திரிந்த பெண்களுக்கு இது அடைக்கலமாயிற்று. நீண்டகாலம் காப்பகத்தில் இருந்தவர்கள் சிலர் சேர்ந்து சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் வாழும் திட்டத்தையும் இவ்வமைப்பு பிற்பாடு ஏற்படுத்தியது. அண்டை வீட்டார் முதலில் தயங்கலாம். ஆனால் தினமும் கோலம் போடுவதையும் கடைக்குப் போவதையும் பார்க்கும்போது 'நோயாளி' என்ற சொல் மறைந்து, 'மூன்றாம் வீட்டு அக்கா' என்ற மனிதர் தெரிய ஆரம்பிக்கிறார். இதை நினைவில் வையுங்கள். நம் பாடத்தின் சாவி இதில்தான் இருக்கிறது.

நேரில் அறிதல் என்னும் மருந்து

கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1954இல் ஒரு கருத்தை வெளியிட்டார். இரு பிரிவினர் சமநிலையில், ஒரே நோக்கத்துக்காகப் பழகினால், ஒருவரைப் பற்றி மற்றவர் கொண்ட தப்பெண்ணம் குறையும் என்பதே அது. 'சமநிலையில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நோயாளியை வேடிக்கை பார்ப்பது பழக்கம் ஆகாது.

ஆனால் ஒரு பள்ளியின் 1000 மாணவர்களும் மனநோயிலிருந்து மீண்ட ஒருவரோடு பழக முடியுமா? முடியாது. இங்கேதான் மேடை உதவுகிறது. மீண்டு வந்த ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே சொல்லும்போது, கேட்பவர்கள் ஒரே மாலையில் அவருடைய பல ஆண்டுகளை அறிந்துகொள்கிறார்கள். நாடகம் இன்னும் ஒரு படி போகிறது. பாத்திரத்தின் கண்வழியே உலகைப் பார்க்கவைக்கிறது.

இதற்குப் பல வடிவங்கள் உண்டு. 1975இல் அமெரிக்காவில் ஜோனதன் ஃபாக்ஸ், ஜோ சாலஸ் ஆகியோர் தொடங்கிய முறையில், பார்வையாளர் ஒருவர் தம் உண்மை அனுபவத்தைச் சொல்கிறார். நடிகர்கள் உடனே அதை நடித்துக் காட்டுகிறார்கள். பிரேசில் நாட்டு அகுஸ்தோ போவால் (1931–2009) உருவாக்கிய 'மன்ற நாடகத்'திலோ கதை சிக்கலான கட்டத்தில் நிறுத்தப்படுகிறது. பார்வையாளரே மேடையேறி முடிவை மாற்றுகிறார். நமக்கும் இது அந்நியமல்ல. 1987இல் அறிவியல் இயக்கங்கள் நாடெங்கும் நடத்திய கலைப்பயணங்களில் அறிவியல் தெருநாடகமாகத்தான் வந்தது.

கற்பனைக் காட்சி ஒன்றைப் பாருங்கள். கொரட்டூரில் ஒரு வீடு. அண்ணன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவன். இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை, தூங்குவதில்லை, யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்கிறான்.

தங்கை: அம்மா, அண்ணனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்மா.

அம்மா: மெதுவா பேசுடி. பக்கத்து வீட்டு மாமி காதுல விழுந்தா நாளைக்கு உன்னைப் பொண்ணு பார்க்க யார் வருவா?

இங்கே நாடகம் நிற்கிறது. நெறியாளர் உங்களைக் கேட்கிறார்: "தங்கையின் இடத்தில் நீங்கள் இருந்தால்?" ஒருவர் வந்து அம்மாவிடம் வாதாடுவார். இன்னொருவர் சித்தப்பாவைத் துணைக்கு அழைப்பார். மூன்றாமவர் அண்ணனிடமே போய், "உனக்கு என்ன ஆகுதுண்ணா?" என்று கேட்பார். அண்ணனிடம் பேச வேண்டும் என்பது மற்றவர்களுக்கு அதுவரை தோன்றவே இல்லை! அம்மாவும் கொடியவள் அல்ல, பயந்தவள் என்பதும் அப்போது விளங்கும்.

ஆய்வுகள் சொல்வது

நல்ல நோக்கம் மட்டும் போதாது. பலன் உண்டா என்று அளந்து பார்ப்பதே அறிவியல். 2012இல் பாட்ரிக் காரிகனும் குழுவினரும் 14 நாடுகளின் 72 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். பெரியவர்களிடம் பாடம் சொல்வதைவிட, மீண்டவர்களோடு தொடர்பு கொள்ளச் செய்வதே அதிகப் பலன் தந்தது. காணொளியைவிட நேர்ச் சந்திப்பு மேலும் சிறந்தது. ஆனால் ஒரு வியப்பு! உங்களைப் போன்ற வளரிளம் பருவத்தினரிடம் பாடமே அதிகப் பலன் தந்தது. உங்கள் கருத்துகள் இன்னும் இறுகிப்போகவில்லை என்பது காரணமாக இருக்கலாம். எனவே பள்ளிக்கு ஏற்ற வழி இரண்டையும் இணைப்பதுதான்: நாடகம், அதன் பின் பாடம்.

ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டச் சிற்றூர்களில் இப்படி ஒரு முயற்சி நடந்தது. துண்டுப் பிரசுரம், மனநோயுற்ற ஒருவர் தம் அனுபவத்தைக் கூறும் காணொளி, நாடகம் ஆகியவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தினர். பின்னர் அளந்தபோது, மனநோயாளிகளைப் பற்றிய மக்களின் மனப்பான்மை மேம்பட்டிருந்தது.

கெட்ட நாடகமும் உண்டு

நாடகம் கத்தி போன்றது. தலைவிரி கோலமாக ஓடி எல்லோரையும் அடிக்கும் 'பைத்தியம்' மேடையில் வந்தால், கைதட்டல் கிடைக்கும், களங்கம் வளரும். ஆகவே சில விதிகள்:

1. நோயைச் சிரிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள்.
2. துன்பத்தோடு நிறுத்தாமல், சிகிச்சையையும் மீட்சியையும் காட்டுங்கள். ஆனால் ஒரே நாளில் குணமானதாகக் காட்டாதீர்கள்.
3. உண்மைக் கதை அதைச் சொல்பவருக்கே சொந்தம். அவர் சம்மதமின்றி நடிக்கக் கூடாது. பெயரும் ஊரும் மாற்றப்பட வேண்டும்.
4. யாரையும் "உன் கதையைச் சொல்" என்று வற்புறுத்தக் கூடாது.
5. நாடகம் முடிந்ததும் பேசுவதற்கு ஓர் ஆசிரியரோ மனநல ஆலோசகரோ அருகில் இருக்க வேண்டும். பார்ப்பவர்களில் யாருக்காவது அது சொந்தக் கதையாக இருக்கலாம்.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியில் இதை ஒரு சோதனையாகவே நடத்தலாம். ஒரே வகுப்பின் 'அ', 'ஆ' பிரிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதாத தாளில் இரு பிரிவினரிடமும் கேளுங்கள்: மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வருபவர் உங்கள் தெருவில் குடிவரலாமா? உங்கள் பெஞ்சில் உட்காரலாமா? நண்பராகலாமா? உங்களுக்கே மனம் சரியில்லை என்றால் யாரிடமாவது சொல்வீர்களா? ஒவ்வொரு 'ஆம்' பதிலுக்கும் 1 மதிப்பெண்.

பிறகு 'அ' பிரிவுக்கு மட்டும் நாடகமும் பாடமும். மறுவாரம் இரு பிரிவிலும் அதே கேள்விகள். ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை. 'ஆ' பிரிவு எதற்கு? நாடகம் பார்க்காமலே மதிப்பெண் உயர்ந்தால், மாற்றத்துக்கு வேறு காரணம் உண்டு என்று அது காட்டிவிடும். ஒரு மாதக் கணக்கு எதற்கு? கைதட்டல் அடங்கிய பின்னும் மாற்றம் நிற்கிறதா என்று அறிய. சோதனை முடிந்ததும் 'ஆ' பிரிவுக்கும் நாடகத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

கேள்விகளில் கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. அதற்கு 'இல்லை' என்று எழுதுபவர் பக்கத்து பெஞ்சிலேயே இருக்கலாம். உங்களுக்கோ நண்பருக்கோ தூக்கமின்மை, ஓயாத சோகம், காரணமற்ற அச்சம், வாழவே பிடிக்காத எண்ணம் முதலியன வந்தால் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை நாடகத்தின் கடைசிக் காட்சியில் ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டுங்கள்.